ஏழாவது பேட்டரி

காலை பதினொன்றேகால் இருக்கும். மேசையின் மறுகோடியில் 'உஸ்' என்று ஒரு சத்தம். சைக்கிள் டயரில் காற்று இறங்குகிற மாதிரி, அவ்வளவுதான். ரிப்பேர் அக்கா தலை நிமிர்வதற்குள் அங்கே வெள்ளைப் புகை எழும்பிவிட்டது.

புது பேட்டரி போட்டு, சார்ஜ் ஏறட்டும் என்று அவள் வைத்திருந்த மியூசிக் பிளேயர் அது. அதன் முதுகுத் தகடு உள்ளேயிருந்து யாரோ முட்டித் தள்ளுகிற மாதிரி மெல்லத் தூக்கிக்கொண்டிருந்தது. அழுகின பழமும் நகப்பூச்சும் கலந்ததுபோல ஒரு வாடை. அவள் ஒயரைப் பிடுங்கினாள். பெரிய இடுக்கியால் பிளேயரைக் கவ்விக்கொண்டு, நடைபாதை மூலையில் இருந்த மணல் வாளிக்கு ஓடினாள். தீ அணைக்கவென்று வைத்த வாளி. அதில் மணலைவிட டீ குடித்த காகிதக் கப்புகள்தான் அதிகம். கப்புகளை ஒரு கையால் வாரி எறிந்துவிட்டு பிளேயரை உள்ளே அமுக்கி, மேலே மணலைத் தள்ளினாள். கையை எடுத்ததுதான் தாமதம், 'டப்' என்று வெடித்தது. மணலைப் பிளந்துகொண்டு ஒரு முழ உயரத்துக்கு நெருப்பு எழுந்து, அடங்கியது.

பக்கத்துக் கடைத் தையல்காரர் கழுத்தில் அளவு நாடாவோடு எட்டிப்பார்த்தார். "என்னம்மா, கடையைக் கொளுத்தறதா இருந்தா முன்கூட்டியே சொல்லக் கூடாதா? நான் துணியெல்லாம் எடுத்து வச்சிருப்பேன்ல?"

அவள் வாளியையே பார்த்துக்கொண்டு நின்றாள். புருவம் லேசாகக் கருகியிருந்தது அவளுக்கே தெரியவில்லை.

அந்தக் கடைவளாகத்தின் முதல் மாடியில், தையல் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில், இரண்டு பேர் எதிரெதிரே நின்றால் மூன்றாவது ஆள் மூச்சுவிட முடியாத ஒரு கடை அவளுடையது. பழுதான மியூசிக் பிளேயர்கள்தான் தொழில். பக்கத்தில் இருந்த தொழிற்சாலைகளில் கேமரா வைத்த போனை உள்ளே கொண்டுபோகக் கூடாது என்று சட்டம். அதனால் வேலைக்குப் போகிறவர்களில் பாதிப்பேர் பையில் தீப்பெட்டி அளவு பிளேயர் ஒன்று கிடக்கும். ஒரு காது கேட்கவில்லை, பட்டன் அமுங்கவில்லை, வியர்வை இறங்கிவிட்டது, துவைக்கிற துணியோடு போய்விட்டது என்று ஆள் வந்துகொண்டே இருக்கும்.

கவுன்ட்டரில் நின்றவள் அவளுடைய நாத்தனார், புருஷனின் தங்கை. பிறந்ததிலிருந்து வாய் மூடாததால் வீட்டில் அவளுக்குப் பேர் ரேடியோ. பொருளை வாங்குவது, நோட்டில் எழுதுவது, வாடிக்கையாளரிடம் கதை கேட்பது, அவர்களுக்குக் கதை சொல்வது எல்லாம் அவள் பாடு. உள்ளே குனிந்து உட்கார்ந்து பிரிப்பதும் சேர்ப்பதும் அண்ணியின் பாடு.

"அண்ணி, புருவம் போச்சு," என்றாள் ரேடியோ.

"அந்த பேட்டரி டப்பாவை எடு."

டப்பாவில் நான்கு மீதியிருந்தன. வெள்ளித்தாள் சுற்றின பிஸ்கட் துண்டு மாதிரி தட்டையான பேட்டரிகள். ஒன்றை எடுத்து, உச்சியில் ஒட்டியிருந்த மஞ்சள் டேப்பைக் கத்தி முனையால் உரித்தாள். அதற்கு அடியில் விரல்நக அகலத்தில் ஒரு பச்சைப் பட்டை இருக்க வேண்டும். அதன்மேல் எள் அளவில் இரண்டு சில்லு இருக்க வேண்டும். சார்ஜ் நிறைந்ததும் போதும் என்று கதவைச் சாத்துவது அந்தச் சில்லுதான். பட்டை இருந்தது. சில்லு இல்லை. மொட்டையாக இருந்தது. அடுத்ததை உரித்தாள். அதுவும் மொட்டை. நான்கும் மொட்டை.

டப்பா வந்த அன்றைக்கே ஒன்றைக் கையில் எடுத்தபோது, வழக்கத்தைவிட எடை குறைவாக இருக்கிறதே, மட்டமான சரக்கோ என்று அவளுக்குப் பட்டது. ஒன்றைப் பிரித்துப் பார்க்கலாமா என்றுகூட நினைத்தாள். அன்றைக்குக் கவுன்ட்டரில் மூன்று பேர் அவசரப்படுத்திக்கொண்டு நின்றார்கள். பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

"டப்பாவுல எத்தனை வந்துச்சு?"

"பன்னெண்டு."

"ஒண்ணு வெடிச்சாச்சு. நாலு இங்க இருக்கு."

ரேடியோ விரல்விட்டு எண்ணவில்லை. அவள் முகம் வெளுத்தது. "ஏழு வெளிய இருக்கு அண்ணி."

நோட்டை விரித்தார்கள். வாடிக்கையாளர் பேரெல்லாம் ரேடியோவுக்கு நினைவில் நிற்காது. ஆளைப் பார்த்தால் என்ன தோன்றுகிறதோ அதை எழுதி, பக்கத்தில் போன் நம்பர் போடுவாள். குடை மறந்தவர். தும்மல் டீச்சர். மீசை டிரைவர். சண்டைக்கார அம்மா. ரெண்டு வாட்ச் தம்பி. சிரிக்காத அண்ணன். கொட்டாவி.

அக்கா போனை எடுத்தாள். அவசரத்தில் இரண்டு தரம் தப்பாக அழுத்தினாள். குடை மறந்தவர் முதல் மணியிலேயே எடுத்தார். பிளேயர் எங்கே இருக்கிறது என்று கேட்டதும் சட்டைப் பையில் என்றார். அவள் போட்ட கத்தலில் சட்டையையே கழற்றி வாசலில் போட்டுவிட்டதாக அப்புறம் சொன்னார். தும்மல் டீச்சர் வகுப்பில் இருந்தார். பியூனிடம் கெஞ்சி அவரை வெளியே வரவழைக்க வேண்டியிருந்தது. மீசை டிரைவர் வண்டியை ஓரங்கட்டி, பிளேயரை ரோட்டோரக் கல்மேல் வைத்துவிட்டு, பத்தடி தள்ளி நின்று காவல் காத்தார். "கொஞ்சம் உப்பலாத்தான்மா இருக்கு. நான் வெயிலுக்குன்னு நினைச்சேன்," என்றார்.

சண்டைக்கார அம்மா பேருக்கேற்ற மாதிரி நடந்துகொண்டார். "ரிப்பேர் பண்ணிக் குடுத்தீங்களா, வெடிகுண்டு பண்ணிக் குடுத்தீங்களா?" என்று ஐந்து நிமிஷம் வாங்குவாங்கென்று வாங்கினார். அக்கா எல்லாவற்றுக்கும் "ஆமாங்க, தப்புதாங்க, முதல்ல அதைக் கொண்டுபோய் மொட்டைமாடியில வைங்க" என்றாள். ரெண்டு வாட்ச் தம்பியும் சிரிக்காத அண்ணனும் அகப்பட முக்கால் மணி நேரம் ஆனது. ஆறு பேர்.

ஏழாவது, கொட்டாவி. பக்கத்தில் இருந்த நம்பரில் ஒரு எண் குறைந்தது.

"நல்லாப் பாரு ரேடியோ."

"நல்லாத்தான் பாத்துட்டு இருக்கேன். ஒண்ணு கம்மி. அவர் விட்ட கொட்டாவியப் பாத்து எனக்கும் வந்துடுச்சு அண்ணி. வாயைத் திறந்துட்டே எழுதினேன்." வழக்கமாக இதைச் சொல்லிச் சிரித்திருப்பாள். இப்போது உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அக்காவுக்கு அந்த ஆள் நினைவுக்கு வந்தார். நான்கு நாளைக்கு முன்னால் வந்தவர். ஒல்லி, நாற்பது வயசு இருக்கும். பிளேயரில் வலது காது கேட்கவில்லை, சார்ஜும் நிற்கவில்லை என்று கொடுத்தார். இரண்டும் சரியானதும் காதில் மாட்டிப் பார்த்து, அப்படியே கண்ணை மூடிக்கொண்டார். "பகல்லதாங்க எனக்கு ராத்திரி. இது காதுல ஓடினாத்தான் தூக்கம் வரும். தலைமாட்டுல சார்ஜ்ல போட்டுட்டே கேக்கலாமா?"

"தாராளமா கேளுங்க," என்றிருந்தாள் அவள். தலையைக்கூட நிமிர்த்தாமல்.

மணி பன்னிரண்டரை. வெளியே உச்சி வெயில். அந்த மனுஷனுக்கு இது நடுராத்திரி. தூங்கிக்கொண்டிருப்பார்.

ரேடியோ விடுபட்ட எண்ணைக் கண்டுபிடிக்கப் பார்த்தாள். கடைசியில் சைபர் போட்டு அடித்தாள், ஒன்று போட்டு அடித்தாள். ஒருவர் ராங் நம்பர் என்றார். ஒருவர் எந்த பேங்கிலிருந்து பேசுகிறீர்கள் என்று கேட்டார். ஒரு அம்மா, தன் மகனோடு பேசுகிற பெண் இவள்தானா என்று அழ ஆரம்பித்தார். "கடைசி எண்தான் விட்டுப்போச்சுன்னு என்ன நிச்சயம்? நடுவுல எங்க வேணா இருக்கலாமே," என்றாள் ரேடியோ. அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

அவள் முகங்களை மறந்தாலும் பிரித்த பொருளை மறக்க மாட்டாள். அந்த பிளேயரை மனசுக்குள் மறுபடி பிரித்தாள். நாலு திருகாணி. ஒன்றில் துரு. இயர்போன் துளைக்குள் வெள்ளையாக ஏதோ அடைத்திருந்தது. சுண்ணாம்பு என்று நினைத்து ஊதினாள். எச்சில் ஈரம் பட்டதும் அது பசைபோல இழுத்தது. சுண்ணாம்பு அப்படி இழுக்காது. முகப்பவுடரும் இழுக்காது.

"மாவு," என்றாள். "ரேடியோ, அது மாவு. ராத்திரி பூரா மாவுல நிக்கற ஆளு."

"ரொட்டிக் கம்பெனி! இந்தப் பக்கம் அது ஒண்ணுதான்!" ரேடியோ ஸ்கூட்டர் சாவியை எடுத்துவிட்டாள்.

போகிற வழியெல்லாம் அக்காவுக்கு ஒரே காட்சிதான். தலையணை. அதன்கீழே முதுகு தூக்குகிற தகடு. வாளியில் எழுந்த நெருப்பு. ஒவ்வொரு சிக்னலிலும் அவளுக்கு உயிர் போய் வந்தது. தூரத்தில் எங்கோ தீயணைப்பு வண்டி மணி கேட்டபோது ரேடியோவின் தோளை நகம் பதியப் பிடித்துவிட்டாள். அந்தச் சத்தம் வேறு பக்கம் போய்த் தேய்ந்தது. அது ஆம்புலன்ஸாகக்கூட இருக்கலாம்.

ரொட்டிக் கம்பெனி வாசலில் தலைக்கு வலைத்தொப்பி போட்ட மேற்பார்வையாளர் வழியை மறித்தார். "ராத்திரி ஷிப்ட் ஆளோட வீட்டு விலாசம் எதுக்கு? எதாவது வம்பா?"

"நான் அவரோட தங்கச்சி," என்றாள் ரேடியோ, யோசிக்காமல்.

"தங்கச்சிக்கு அண்ணன் வீடு தெரியாதா?"

"சண்டை. பேசறதில்ல."

"அண்ணன் பேரு?"

ரேடியோ வாயைத் திறந்தபடி நின்றாள். வாழ்க்கையில் அவளுக்கு வார்த்தை கிடைக்காத சந்தர்ப்பங்கள் குறைவு.

அக்கா அவளை ஒதுக்கிவிட்டு முன்னால் வந்தாள். "அண்ணா, நான் பாட்டு பிளேயர் ரிப்பேர் பண்றவ. உங்க ஆளு ஒருத்தருக்கு கெட்ட பேட்டரி போட்டுக் குடுத்துட்டேன். காலையில அதே மாதிரி ஒண்ணு என் கண்ணு முன்னாடி வெடிச்சுது. அவரு அதைத் தலையணைக்குக் கீழ வச்சுத் தூங்கறார். பேரு தெரியாது. ஒல்லியா இருப்பார், எப்பவும் காதுல ஒயர் மாட்டியிருப்பார், கொட்டாவி விட்டுட்டே இருப்பார்."

"ராத்திரி ஷிப்ட்டுல எல்லாருமே கொட்டாவிதாம்மா," என்ற மேற்பார்வையாளர் அவள் கருகின புருவத்தைப் பார்த்தார். பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டு உள்ளே போனார். கையோடு பதிவேட்டைக் கொண்டுவந்தார். "அடுப்புக்காரர். தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி மூணு மாடிக் கட்டடம். ரெண்டாவது மாடி, கடைசி வீடு. அவர் போன் தூங்கறப்போ அணைச்சுதான் இருக்கும். ஓடுங்க."

ஐந்து நிமிஷத்தில் போய்விட்டார்கள். இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினார்கள். கடைசி வீட்டின் இரும்புக் கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. அக்கா தட்டினாள், இடித்தாள், பிறகு இரண்டு கையாலும் அறைந்தாள். மாடி முழுக்க எதிரொலித்தது. உள்ளே அசைவில்லை.

"கேக்காது," என்றாள். "ரெண்டு காதும் அடைச்சிருக்கும். முன்ன ஒரு பக்கம் பாட்டு வராம, அந்தக் காதாவது வெளிச் சத்தம் கேட்டுட்டு இருந்துச்சு. அதையும் நான்தான் சரி பண்ணிக் குடுத்தேன்."

ஜன்னல் கண்ணாடியும் சாத்தியிருந்தது. வெளிச்சம் வராமலிருக்க உள்ளே தடித்த திரை. திரையின் ஓரத்தில் இரண்டு விரல் இடைவெளி. அதன் வழியாக மின்விசிறி சுற்றுவதும், கட்டிலில் ஒரு காலின் பாதமும் மட்டும் தெரிந்தன. பாதம் அசையவில்லை. ரேடியோ கண்ணாடியில் செருப்பால் அடித்தாள். பாதம் அசையவில்லை.

"அண்ணி, ஒரு மாதிரி வாடை வருதா?"

வந்தது. அல்லது வருகிற மாதிரி இருந்தது. அழுகின பழம், நகப்பூச்சு. காலையிலிருந்து அவள் மூக்கிலேயே அது தங்கியிருந்ததால் எது நிஜம் என்று பிரிக்க முடியவில்லை. அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டாள். செத்துப்போய்விட்டாரோ என்ற நினைப்பு வந்ததும் அதைத் தள்ளிவிட்டு, கைக்கு என்ன தெரியுமோ அதை யோசித்தாள். சார்ஜ் எங்கிருந்து வருகிறது? சுவரிலிருந்து. சுவருக்கு?

"நீ தட்டிட்டே இரு!" என்று சொல்லிவிட்டுக் கீழே ஓடினாள்.

படிக்கட்டுக்கு அடியில், சைக்கிள்களுக்கும் உடைந்த நாற்காலிகளுக்கும் பின்னால் மின்சார மீட்டர்கள் வரிசையாக இருந்தன. எட்டு. வீட்டு எண்கள் எழுதியிருந்த சாயம் உரிந்துபோயிருந்தது. எது யாருடையது என்று பார்க்க நேரமில்லை. எட்டு சுவிட்சையும் படபடவென்று கீழே தள்ளினாள்.

கட்டடம் சட்டென்று அமைதியானது. அடுத்த நொடி ஒவ்வொரு கதவாகத் திறந்தது. "கரண்ட் போச்சா?" "உங்க வீட்டுலயுமா?" "யாரு அங்க கீழ?" வாஷிங் மெஷினில் பாதியில் நின்ற துணியோடு ஒரு அம்மா வந்தாள். யாரோ "திருட்டுப் பொம்பளைங்க" என்றார்கள். அக்கா அவர்களைப் பிளந்துகொண்டு மேலே ஓடினாள்.

சார்ஜ் நின்றாலும் ஏறின சூடு உடனே இறங்காது என்று அவளுக்குத் தெரியும். பாட்டும் நிற்காது, அது பேட்டரியில் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் அவள் யோசிக்காத ஒன்று நடந்தது. மின்விசிறி நின்றுவிட்டது. எல்லாம் சாத்தின அறை, உச்சி வெயில். ஜன்னலில் கண்ணை ஒட்டியிருந்த ரேடியோ கத்தினாள்: "காலை ஆட்டறார்! அண்ணி, காலை ஆட்டறார்!"

பாதம் ஒருமுறை மடங்கியது. மறைந்தது. திரை விலகி, வியர்வையும் தூக்கமுமாக ஒரு முகம் வந்தது. வந்ததும் பெரிதாக ஒரு கொட்டாவி விட்டது. அவரைப் பார்த்து அக்கா அழுதேவிட்டாள்.

எழுந்தபோது பிளேயரிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்த ஒயரை அவர் காதிலிருந்து எடுத்தார். "ரிப்பேர் அக்கா? என்னங்க இது, வீட்டுக்கே..."

"முதல்ல கதவைத் திறங்க! தலையணையைத் தொடாதீங்க! கதவு!"

தாழ்ப்பாள் விலகியதும் அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். பாத்திரம் விளக்கும் இடத்தில் ஒரு இரும்புச் சட்டி கவிழ்த்து வைத்திருந்தது. அதை எடுத்துக்கொண்டாள். தலையணையை ஓரத்தைப் பிடித்து மெல்லத் தூக்கினாள். அடியில் பிளேயர். முகப்புக் கண்ணாடி விரிசல்விட்டு, முதுகு புடைத்து, மூட முடியாத டப்பா மாதிரி வாயைப் பிளந்திருந்தது. விரிப்பில் அதைச் சுற்றி உள்ளங்கை அளவுக்குப் பழுப்பு. சார்ஜ் ஒயரை நுனியில் பிடித்து உருவினாள். இடுக்கி கடையில் கிடந்தது. வேறு வழியில்லை. கையாலேயே எடுத்தாள். சுரீர் என்றது. விட்டால் கட்டிலில் விழும். விடாமல் சட்டியில் வைத்தாள்.

அடுப்புக்காரருக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது. மூலையில் இருந்த மாவுப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். "மேல கொட்டி அமுக்கிடவா?"

"ஐயோ, மாவு வேணாம்! அதுவும் எரியும்! வழி விடுங்க!"

இரண்டு மாடி. ஓடினால் குலுங்கும், நடந்தால் நேரமாகும். சட்டியை நெஞ்சுக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் படி படியாக இறங்கினாள். அவளுக்கு முன்னால் ரேடியோ, "ஒதுங்குங்க! வெடிக்கப் போவுது! ஒதுங்குங்க!" என்று தன் முழுத் தொண்டையையும் உபயோகித்து வழி பண்ணிக்கொண்டு போனாள். திட்ட வந்தவர்கள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார்கள். முதல் மாடித் திருப்பத்தில் சட்டிக்குள்ளிருந்து அந்த 'உஸ்' ஆரம்பித்தது. அவள் கால் ஒரு படியைத் தவறவிட்டது. சுவரில் முழங்கை உரசி நின்றது. மீதிப் படிகளை எப்படி இறங்கினாள் என்று பின்னால் கேட்டபோது அவளால் சொல்ல முடியவில்லை.

முற்றத்து நடுவில் சட்டியை வைத்துவிட்டு நாலடி ஓடினாள். பின்னால் வெடித்தது. காலையில் மணலுக்கு அடியில் பார்த்தது இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. வெள்ளை நெருப்பு சட்டியிலிருந்து பீறிட்டு, ஆளுயரத்துக்குச் சீறி, கொடியில் காய்ந்த ஒரு துண்டைப் பற்றிக்கொண்டது. யாரோ அதை இழுத்துப் போட்டு மிதித்தார்கள். அரை நிமிஷம் இருக்கும். பிறகு கரும்புகையும் அந்த வாடையும்தான்.

அப்புறம் எல்லோரும் சேர்ந்து பேசினார்கள். வாஷிங் மெஷின் அம்மா அவள் தோளைக் கட்டிக்கொண்டாள். "நீங்க வரலைன்னா அந்த மனுஷன் கட்டிலோட போயிருப்பார். மேல் வீட்டுல குழந்தைங்க வேற. எங்க எல்லாரையும் காப்பாத்திட்டீங்க." திருட்டுப் பொம்பளை என்ற குரலே இப்போது "யார் பெத்த பிள்ளையோ" என்றது. ஒருவர் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தார்.

ரேடியோ அவள் இடுப்பில் கிள்ளினாள். "வாயைத் திறக்காம வந்துடுங்க அண்ணி," என்றாள் காதோரமாக. "அப்புறம் பேசிக்கலாம்."

அக்கா தண்ணீர் டம்ளரைப் பிடித்தாள். வெடிக்கும் வரை இருந்த பயம் வேறு. இப்போது வந்தது வேறு பயம். இத்தனை முகங்களும் ஒரு வார்த்தையில் மாறிவிடும். அவளுக்கு அது நன்றாகத் தெரிந்தது. அப்படியே ஸ்கூட்டரில் ஏறிப் போயிருக்கலாம். அடுப்புக்காரர் படியில் உட்கார்ந்து, வெறும் ஒயரைக் கையில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் காப்பாத்தலைங்க," என்றாள். "அந்த பேட்டரியைப் போட்டது நான்தான். எடை கம்மியா இருக்குன்னு அன்னைக்கே பட்டுச்சு. பிரிச்சுப் பாத்திருக்கணும். பாக்காம போட்டுட்டேன்."

தோளில் இருந்த கை விலகியது.

அடுப்புக்காரர் மெல்ல எழுந்தார். "நான் கேட்டேன்ல?" என்றார். குரல் உயரவில்லை. "தலைமாட்டுல வைக்கலாமான்னு உங்களைத்தானே கேட்டேன்? தாராளமான்னு சொன்னீங்கல்ல?"

"சொன்னேன்."

"நான் படிக்காதவன். நீங்க சொன்னதை அப்படியே நம்பினேன்." தூங்கி எழுந்த ஆளுக்கு, தான் சாக இருந்தது இப்போதுதான் உறைத்தது போலிருந்தது. மறுபடி படியில் உட்கார்ந்துவிட்டார்.

யாரோ போன் செய்திருக்க வேண்டும். அவர் மனைவி ஓடிவந்தாள். பக்கத்துத் தெரு சலவைக்கடையில் வேலை. கையில் இன்னும் இஸ்திரி போட்ட ஒரு சட்டை. வந்ததும் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. புருஷனின் தலையை இரண்டு கையாலும் பிடித்து, முன்னும் பின்னும் திருப்பி, காதுமடலைத் தடவிப் பார்த்தாள். மேலே போய்ப் படுக்கை விரிப்பைச் சுருட்டிக்கொண்டு வந்து, அந்தப் பழுப்பு வட்டத்தை வெளிச்சத்தில் விரித்தாள். அவர் தலை இருக்கும் இடம் எது என்று அவளுக்குத்தான் தெரியும். ரொம்ப நேரம் பார்த்தாள்.

பிறகு அக்காவிடம் வந்தாள். அக்கா அடி விழும் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"கையைக் காட்டுங்க."

வலது கையில் மூன்று விரலும் உள்ளங்கையின் பாதியும் வெந்து வெளுத்திருந்தன. அதுவரை அவளுக்கு அது வலிக்கவே இல்லை.

அந்தப் பெண் அவளைக் குழாயடிக்கு இழுத்துப்போனாள். கையைப் பிடித்துத் தண்ணீரில் காட்டினாள். காட்டிக்கொண்டே திட்ட ஆரம்பித்தாள். "அறிவிருக்கா உங்களுக்கு? மனுஷன் ராத்திரி பூரா நெருப்புல நின்னுட்டு வந்து படுக்கறான், அவன் தலைக்குக் கீழயும் நெருப்பை வச்சு அனுப்புவீங்களா? ஆட்டாதீங்க கையை. பிரிச்சுப் பாக்க எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லுங்க, எவ்வளவு நேரம்?"

"அரை நிமிஷம்."

"அரை நிமிஷம்!" என்று அவள் கத்தினாள். கத்தும்போதே அழுதாள். "அரை நிமிஷம் உங்களுக்கு இல்ல. இன்னும் கொஞ்சம் காட்டுங்க. நான் சொல்ற வரைக்கும் எடுக்கக் கூடாது." கால்மணி நேரம் அப்படியே பிடித்து வைத்திருந்தாள். திட்டும் தண்ணீரும் நிற்கவே இல்லை.

ரேடியோ கீழே போய் எட்டு சுவிட்சையும் ஒவ்வொன்றாக மேலே தள்ளினாள். கடைக்கு வந்து படியேறும்போது, "நான் அந்த நம்பரை ஒழுங்கா எழுதியிருந்தா," என்று ஆரம்பித்தாள். "விடு," என்றாள் அக்கா.

சாயங்காலத்துக்குள் மற்ற ஆறு பேரும் பிளேயரோடு வந்துவிட்டார்கள். ஒவ்வொருவரிடமும் அவள் நடந்ததை முதலிலிருந்து சொன்னாள். நான்கு பேர் நல்ல பேட்டரி போட்டுக் கொடுங்கள் என்றார்கள். சிரிக்காத அண்ணன் வேறு கடையில் பார்த்துக்கொள்கிறேன் என்று, பேட்டரியைக் கழற்றின பிளேயரை வாங்கிக்கொண்டு போனார். சண்டைக்கார அம்மா இன்னொரு தரம் சண்டை போட்டுவிட்டு, தீப்புண்ணுக்கு மருந்து எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார்.

அடுப்புக்காரர் வரவில்லை. பதினோராம் நாள், கட்டுப் போட்ட கையோடு, அவள் நல்ல பிளேயர் ஒன்றை எடுத்துக்கொண்டு தண்ணித் தொட்டிக்குப் பின்னால் போனாள். மத்தியானம். மனைவிதான் கதவை ஒரு சாண் திறந்தாள். பிளேயரைப் பார்த்தாள், கையில் வாங்கவில்லை.

"வேணாங்க," என்றாள் கிசுகிசுப்பாக. "இது இல்லாமத் தூங்கப் பழகிட்டு இருக்கார். முதல் நாலு நாள் கண்ணே மூடலை. சின்னச் சத்தம் கேட்டாலும் எழுந்து உக்காந்துக்கறார். இன்னைக்குத்தான் அசந்து படுத்திருக்கார்."

அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அந்தப் பெண் உதட்டில் விரலை வைத்தாள். அவள் கைக்கட்டை ஒரு பார்வை பார்த்தாள், புண் ஆறிவிட்டதா என்று தலையசைப்பிலேயே கேட்டாள். ஆறுகிறது என்று இவளும் தலையசைத்தாள். இரும்புக் கதவு கிறீச்சிடாமலிருக்க இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து, அந்தப் பெண் அதை மெல்லச் சாத்தினாள்.